தத்தெடுப்பு ஆவணங்கள்: யாரிடம் மறைக்க வேண்டும், யாரிடம் மறைக்கக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்தெடுப்பு ஆவணங்களின் ரகசியம் பற்றி இந்தியச் சட்டம் சொல்வது சில வரிகள்தான். அவற்றைச் சரியாகப் படிக்காததால் இரண்டு அநியாயங்கள் நடக்கின்றன. உறவினர், அக்கம்பக்கத்தார், பள்ளி அலுவலகம் என்று யார் யாருக்கோ விவரம் கசிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளையே வளர்ந்து வந்து கேட்டால், "எல்லாம் ரகசியம், போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வெளியாரிடமிருந்து பிள்ளையையும் தாயையும் காப்பாற்றுவதற்காகத்தான் அந்த ரகசியம் வைக்கப்பட்டது. அதைப் பிள்ளைக்கே எதிராகத் திருப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை. கீழே உள்ள பதில்கள் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

எந்தச் சட்டம் பொருந்தும்?

எந்த வழியில் தத்து நடந்தது என்பதைப் பொறுத்தது. வழிகள் இரண்டு.

முதலாவது, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். கைவிடப்பட்ட குழந்தைகள், அநாதைக் குழந்தைகள், பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தைகள் ஆகியோர் இந்தச் சட்டத்தின் வழியாகத் தத்துப் போகிறார்கள். தத்தெடுப்பவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம். ரகசியத்தைப் பற்றியும், பெற்றவர்களைத் தேடுவதைப் பற்றியும் விரிவாகச் சொல்பவை இச்சட்டத்தின் கீழ் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகள். மேலே டெல்லியில் "காரா" என்று அழைக்கப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம். மாநிலத்தில் அதற்குரிய முகமை. மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும். கடைசியில், குழந்தையைக் கையில் வைத்திருந்த சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனம். கோப்பு பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். குடும்பத்துக்குள்ளோ தெரிந்தவர்களுக்குள்ளோ பத்திரம் எழுதி நடக்கும் தத்துகள் இதில் வரும். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

தத்துக் கோப்பில் என்னதான் இருக்கும்?

பலரும் நினைப்பதைவிட அதிகம் இருக்கும். ஆசைப்படுவதைவிடக் குறைவாக இருக்கும்.

குழந்தையின் வளர்ச்சி, பழக்கவழக்கங்கள், பின்னணி பற்றிய ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, "இந்தக் குழந்தை தத்துக் கொடுக்கச் சட்டப்படி தகுதியுடையது" என்று குழந்தைகள் நலக் குழு கொடுத்த சான்று, தத்து ஆணை. இந்த நான்கும் பொதுவானவை. இவற்றில் பலவற்றின் நகல் தத்தெடுத்த பெற்றோரிடமே கொடுக்கப்பட்டிருக்கும். எனவே எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால் வீட்டு பீரோவைப் பாருங்கள். பல தேடல்கள் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

பெற்றவர் நேரில் வந்து ஒப்படைத்த குழந்தையானால், கோப்பில் ஒப்படைப்புப் பத்திரம் ஒன்று இருக்கும். இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கையெழுத்தாகும் படிவம் அது. மறுபடி யோசித்துக் குழந்தையைத் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு, குழந்தை இந்தியாவிலோ வெளிநாட்டிலோ தத்துப் போகலாம், தத்து நடந்தால் அந்த உறவு நிரந்தரமானது என்று வரிசையாக வாக்கியங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வாக்கியம்: பிள்ளை பிற்காலத்தில் தன் வேர்களைத் தேடி வந்தால் எங்கள் அடையாளத்தையும் முகவரியையும் சொல்ல விரும்புகிறோம் அல்லது விரும்பவில்லை; பொருந்துவதைக் குறிக்கவும். பேறு முடிந்து சில நாட்களே ஆன பெண்ணாக இருக்கலாம். வெளியே ஆட்டோவில் அண்ணன் காத்துக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் பேனாவால் போடும் ஒரு குறி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வரும் ஒரு கேள்விக்குப் பதிலாகிவிடுகிறது. படிவத்தில் அந்த வரி இருப்பது நல்லது. அதை அந்தப் பெண்ணுக்கு நிதானமாகப் படித்துக் காட்டி விளக்குகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்த வரியில் மட்டுமாவது அவசரப்படாதீர்கள்.

ரகசியம் காக்க வேண்டியவர்கள் யார்?

தத்தெடுப்பில் சம்பந்தப்பட்ட எல்லா நிறுவனங்களும், எல்லா அதிகாரிகளும். வேறு சட்டம் அனுமதித்தால் தவிர ஆவணங்களை வெளியிடக் கூடாது. தத்து ஆணையை எந்தப் பொது இணையதளத்திலும் போடக் கூடாது என்று விதி நேரடியாகவே சொல்கிறது. தத்து விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். 2022 செப்டம்பருக்கு முன்பு தத்து ஆணையை நீதிமன்றம் பிறப்பித்தது. சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். இடம் மாறினாலும் மூடிய அறை என்ற நிபந்தனை மாறவில்லை.

குழந்தைகள் நலக் குழு பார்க்கும் அறிக்கைகள் ரகசியமானவை என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, அறிக்கையின் சாரத்தைக் குழந்தைக்கோ, பெற்றோருக்கோ, பாதுகாவலருக்கோ தெரிவிக்கலாம் என்றும் சொல்கிறது. இந்தப் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நீங்கள் காட்டுங்கள்.

பத்திரிகையிலோ வாட்ஸ்அப்பிலோ குழந்தையின் படத்தையும் கதையையும் போட்டால்?

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு குறுக்கே வரும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும் பத்திரிகையிலோ காட்சி ஊடகத்திலோ பிற தகவல் தொடர்பு வடிவங்களிலோ வரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் நன்மைக்காக வெளியிடலாம் என்று குழு எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே விலக்கு.

"குழந்தை தத்துக்கு உண்டு, தொடர்பு கொள்ளவும்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்திகளைப் பகிராதீர்கள். ரகசிய மீறலைத் தாண்டிய ஆபத்து அதில் இருக்கிறது. சட்ட வழியை விட்டுக் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் 80-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் கைமாறினால் 81-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை கடுங்காவல். அப்படி வந்த குழந்தைக்குப் பின்னாளில் தேடிப் பார்க்க ஒரு கோப்புகூட இருக்காது.

பிறப்புச் சான்றிதழில் "தத்து" என்று வருமா?

தத்து ஆணைக்குப் பிறகு வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழில் தத்தெடுத்தவர்களே பெற்றோராகக் குறிக்கப்படுவார்கள். பிறந்த தேதி தத்து ஆணையில் உள்ளபடி இருக்கும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தம், தத்துப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது.

பள்ளியில் சேர்க்க இந்தச் சான்றிதழ் போதும். தத்து ஆணையைக் கேட்டால், "பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, வேறு எதற்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் உள்நாட்டில் தத்தெடுத்த பிள்ளைக்குப் பதிவு செய்த தத்துப் பத்திரம் கட்டாயம் என்ற நிபந்தனையை வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரில் நீக்கியது. பத்திரம் இல்லாதவர்கள் வெள்ளைத்தாளில் உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றது.

எனக்கு 18 வயது ஆகிவிட்டது. பெற்ற தாயைப் பற்றித் தெரிந்துகொள்ள விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். தத்தெடுத்த பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. விதிகளில் இதற்கு "ரூட் சர்ச்" என்று பெயர். தமிழில் வேர் தேடல் என்கிறோம். 18 வயது நிறைந்தவர் காராவின் இணையதளத்தில் தன் பெயரில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். தத்துப் பிள்ளை அணுகினால் உதவ வேண்டியது காரா, மாநில முகமை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தத்து நிறுவனம் ஆகியவற்றின் கடமை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கும், தத்தை நடத்திய வெளிநாட்டு நிறுவனத்துக்கும் அதே கடமை உண்டு. ஆகவே நீங்கள் சலுகை கேட்டுப் போகவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளச் சான்று, தத்து ஆணையின் நகல், தத்து நிறுவனத்தின் பெயர், நிறுவனத்தில் இருந்தபோது உங்களுக்கு வைத்திருந்த பெயர், தத்து நடந்த ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். நிறுவனத்தில் உங்களுக்கு வைத்திருந்த பெயர் மிக முக்கியம். பழைய பதிவேடுகளில் உங்களை இன்றைய பெயரில் தேடினால் கிடைக்கமாட்டீர்கள்.

விண்ணப்பத்தில், கேட்பதைப் பிரித்து எழுதுங்கள் என்பது என் யோசனை. "என் பெற்றோர் யார்" என்ற ஒற்றைக் கேள்வியோடு போனால், அதற்கு ஒற்றை மறுப்பு வந்துவிடும். என்னை ஒப்படைத்தார்களா, கண்டெடுத்தார்களா? எந்த ஊரில், எந்தச் சூழ்நிலையில்? பிறந்தபோது எடை, உடல்நிலை என்ன? குடும்பத்தில் பரம்பரை நோய் பற்றிய குறிப்பு உண்டா? கோப்பில் என் படம் இருக்கிறதா? பெற்றவர்கள் ஏதாவது கடிதம் வைத்துவிட்டுப் போனார்களா? இவற்றில் பலவற்றுக்குப் பதில் சொல்ல யாருடைய அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை.

18 ஆகவில்லை என்றால்?

தத்தெடுத்த பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்காக வேறு ஒருவர் தேடலாமா? வக்கீல், நண்பர், தேடித்தரும் அமைப்புகள்?

மூன்றாம் நபரின் வேர் தேடலை விதி அனுமதிப்பதில்லை. பெற்றவர், தத்தெடுத்தவர், பிள்ளை ஆகிய மூவரைப் பற்றிய எந்தத் தகவலையும் நிறுவனங்கள் பகிரங்கப்படுத்தக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், "இருபது வருடத்துக்கு முன் இங்கே ஒரு குழந்தையைக் கொடுத்தது யார்?" என்று விசாரித்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரே நாளில் சிதைந்துவிடும். அதைத் தடுக்கும் விதி நியாயமானதே. வக்கீலின் ஆலோசனை பெறுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். விண்ணப்பமும் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இந்த விதியில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. தத்துப் பிள்ளை இறந்துவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கு என்ன வழி? தனித்தனியே தத்துப் போன உடன்பிறப்புகள் ஒருவரையொருவர் தேடினால்? விதி பேசுவது தத்துப் பிள்ளையைப் பற்றி மட்டும். இவர்களும் மூன்றாம் நபர் பட்டியலில் விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது. திருத்தப்பட வேண்டிய இடம் இது.

பெற்ற தாய் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று குறித்திருந்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. பலரும் ஏமாந்து திரும்பி வருவது இந்த இடத்தில்தான். எனவே நிதானமாகப் பார்ப்போம்.

ஒப்படைக்கும்போது தாயோ தந்தையோ ரகசியம் கேட்டிருந்தால், தத்து நிறுவனமோ குழந்தைகள் நலக் குழுவோ இப்போது அவர்களைத் தொடர்புகொண்டு சம்மதம் கேட்க வேண்டும். அன்றைக்குப் போட்ட குறியே இறுதித் தீர்ப்பு ஆகாது. பதினெட்டு வயதில், ஊருக்கும் வீட்டுக்கும் பயந்து "வேண்டாம்" என்றவர், நாற்பது வயதில் வேறு மனநிலையில் இருக்கலாம். எனவே, "கோப்பில் வேண்டாம் என்று இருக்கிறது" என்று ஒரு ஊழியர் சொன்னால், "இப்போது கேட்டீர்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அவர் இப்போதும் மறுத்தாலோ, தேடியும் கிடைக்காமல் போனாலோ, எந்தக் காரணத்தால், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைப்பு நடந்தது என்பதைத் தத்துப் பிள்ளைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பெயரும் முகவரியும் மட்டுமே மூடப்படுகின்றன. "ஏன் என்னைக் கொடுத்தார்கள்" என்ற கேள்விக்குப் பதில் பெறும் உரிமை மூடப்படுவதில்லை. பலருக்குப் பெயரைவிட இந்தப் பதில்தான் தேவைப்படுகிறது. வறுமையா, கணவன் இறந்ததா, திருமணமாகாத நிலையா, பலாத்காரமா? தெரியாமலே இருப்பதைவிடக் கசப்பான உண்மை தாங்கக்கூடியது என்று சொன்னவர்கள் பலர். மறுப்புக் கடிதம் வந்தால், அதில் இந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதில் முழுமையானது இல்லை, திருப்பி எழுதுங்கள்.

தாயின் ரகசியத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

தத்துப் பிள்ளையின் உரிமை பெற்றவர்களின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது என்று விதியே சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 2015 ஜூலையில், திருமணமாகாத தாய் ஒருவர் குழந்தையின் தந்தை பெயரைச் சொல்லாமலே பாதுகாவலர் உரிமை கோரலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. வழக்கின் தலைப்பிலேயே அவர் பெயர் "ஏபிசி" என்றுதான் இருக்கிறது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ரகசியம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பல பெண்கள் குழந்தையைப் புதரில் விடாமல் ஒரு மேசைக்கு முன்னால் வந்து ஒப்படைக்கிறார்கள். அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்த குழந்தையின் உயிருக்கு ஆபத்து. பிள்ளையின் பக்கம் நின்று பேசும் நானும் இதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நான் தொட்டில் குழந்தை. எனக்குக் கோப்பு இருக்குமா?

தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழியாக வந்த பலருக்கு, தாயின் பெயர் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. யாரும் கேள்வி கேட்காமல் விட்டுச் செல்வதற்காகத்தான் அந்தத் தொட்டில். கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்டவர்களின் நிலையும் அநேகமாக இதுதான்.

ஆனாலும் காகிதமே இல்லாமல் எந்தக் குழந்தையும் தத்துப் போவதில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் கையில் கிடைத்தது, காவல் துறைக்குச் சொன்ன விவரம், பெற்றவர்களைத் தேடிப் படத்துடன் பத்திரிகையில் வந்த அறிவிப்பு, குழுவின் ஆணை. இன்றைய சட்டப்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேல் நான்கு மாதம் விசாரித்த பிறகே தத்துக்குத் தகுதி என்று அறிவிக்கிறார்கள். அந்த விசாரணையின் தாள்களைக் கேளுங்கள். கண்டெடுத்த நாளில் உங்கள் உடலில் இருந்த துணியின் நிறம்வரை ஒரு காவலர் எழுதி வைத்திருக்கக்கூடும்.

மருத்துவமனைப் பதிவை அதிகம் நம்ப வேண்டாம். உள்நோயாளிப் பதிவுகளை மூன்றாண்டு காக்க வேண்டும் என்பதே மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை.

1970, 80-களில் வெளிநாட்டுக்குப் போனவர்கள் எங்கே தேடுவது?

காரா தொடங்கப்பட்டது 1990-இல். அதற்கு முந்தைய தத்துகளுக்குக் காராவில் அன்றைய கோப்பு இருக்க வாய்ப்பில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தம்பதியர் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பாதுகாவலர் ஆணை பெற்றுக் குழந்தையை அழைத்துப் போனார்கள். தத்து அவர்கள் நாட்டில்தான் நிறைவேறியது. எனவே தத்து ஆணை என்று தேடாமல், பாதுகாவலர் மனு என்று தேடுங்கள். ஆணையின் நகலில் மனு எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் இருக்கும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால், கோப்புகள் எங்கே போயின என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் மாநில முகமையிடமும் எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டுத் தத்துகளுக்கு ஒழுங்கு கொண்டுவந்தது 1984-இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. பிள்ளை முதிர்ச்சி அடைந்த பிறகு பெற்றவர்களைப் பற்றிக் கேட்டால், சொல்வதில் பெரிய ஆட்சேபம் இருக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. அதற்குப் பிறகு வந்த 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. பிள்ளையின் பூர்வீகம், பெற்றோர், மருத்துவ வரலாறு பற்றிய தகவல்களைப் பாதுகாக்க வேண்டும், உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, தக்க வழிகாட்டுதலோடு பிள்ளைக்குத் தர வேண்டும் என்பது அதன் 30-ஆவது பிரிவு. விண்ணப்பத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிடலாம்.

பெரியப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டேன். பத்திரம் மட்டும்தான் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்க முடியுமா?

1956 சட்டப்படி தத்துக்குப் பத்திரப் பதிவு கட்டாயம் இல்லை; பதிந்திருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். சொத்து சம்பந்தப்படாத இப்படிப்பட்ட பத்திரங்கள் சார்பதிவகத்தில் 4-ஆம் புத்தகத்தில் பதியப்படுகின்றன. வீடு, நிலப் பத்திரங்கள் உள்ள 1-ஆம் புத்தகத்தை யாரும் பார்வையிடலாம். 4-ஆம் புத்தகத்திலிருந்து நகல் பெற, பத்திரத்தை எழுதியவராகவோ, அதன்கீழ் உரிமை கோருபவராகவோ, அவர்களுடைய பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும். தத்துப் பிள்ளையான உங்களுக்குக் கிடைக்கும், ஊர்க்காரருக்குக் கிடைக்காது.

இதே சட்டத்தின் 12-ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு: பிறந்த குடும்பத்தில் யாரைத் திருமணம் செய்ய முடியாதோ, அவரைத் தத்துப் போன பிறகும் திருமணம் செய்ய முடியாது. பிள்ளைக்கு உண்மை தெரிந்திருந்தால்தானே இந்த நிபந்தனையைக் கடைப்பிடிக்க முடியும்? குடும்பத்துக்குள் தத்துக் கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க மறைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குழந்தையைக் கொடுத்த தாய் பிள்ளையைத் தேடலாமா?

விதிகள் அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. தத்து ஆணையோடு பிறந்த குடும்பத்துடனான சட்ட உறவு அறுந்துவிடுகிறது. ஆனால் மனம் மாறியிருந்தால், "என் பிள்ளை தேடி வந்தால் என் விவரத்தைச் சொல்லச் சம்மதம்" என்று தத்து நிறுவனத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுதி, கோப்பில் சேர்க்கும்படி கேளுங்கள். இன்றைய முகவரியையும், குடும்பத்தில் உள்ள நோய்களையும் அதில் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் கிடைக்குமா?

தனிநபர் தகவலுக்கு அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. எனவே பெற்றவர் பெயரைக் கேட்டு மனு போடுவது வீண். உங்கள் வேர் தேடல் விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்க அந்தச் சட்டம் நன்றாகப் பயன்படும்.

டி.என்.ஏ. சோதனை?

எச்சில் மாதிரியை அனுப்பி உறவினரைக் கண்டுபிடிக்கும் தனியார் சேவைகள் வந்த பிறகு, எந்த அலுவலகத்தையும் கேட்காமலே சிலர் உறவினரை அடைந்துவிடுகிறார்கள். பொருத்தம் காட்டுவது பெரும்பாலும் தாயை இல்லை. ஒன்றுவிட்ட உறவு ஒருவரை. அவரிடம் முதல் செய்தியிலேயே முழுக் கதையையும் கொட்டினால், தாய் இத்தனை ஆண்டு காத்த ரகசியம் அவருக்குத் தெரியாமலே வீடு முழுக்கப் பரவிவிடும். பொறுமையாக, பொதுவாகப் பேசத் தொடங்குங்கள்.

பிறர் உங்கள் மாதிரியைக் கேட்பது வேறு விஷயம். பலாத்கார வழக்குகளில், தத்துப் போன குழந்தையின் டி.என்.ஏ.வை எடுக்கக் கோரும் மனுக்கள் நீதிமன்றங்களுக்கு வந்தன. 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு எதிராக வழிகாட்டுதல்கள் வகுத்தது: தத்துப் போன குழந்தைகளை இப்படிச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது, தேவையானால் தத்துக்கு முன்பே மாதிரி எடுத்து வைக்க வேண்டும். குழந்தை ஒரு புதிய வீட்டில் வேரூன்றிய பிறகு காவலர் கதவைத் தட்டக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

பெற்றவர்களைக் கண்டுபிடித்தால் அவர்கள் சொத்தில் பங்கு உண்டா?

இல்லை. தத்து ஆணைக்கு முன்பே உங்கள் பெயருக்கு வந்துவிட்ட சொத்து மட்டும் உங்களுடையதாகவே இருக்கும். தத்தெடுத்தவர்களின் சொத்தில் உங்களுக்குள்ள உரிமையும், வேர் தேடியதால் ஒரு துளியும் குறையாது.

தத்தெடுத்தவர்கள் பிள்ளையிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

சொல்லாவிட்டால் தண்டனை என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் சொல்லுங்கள். சிறு வயதிலேயே, பிள்ளைக்குப் புரியும் சொற்களில். கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை வாய் தவறிச் சொல்லி இருபத்தைந்து வயதில் தெரிந்துகொள்பவர்களின் கோபம், தத்து நடந்ததைப் பற்றி இருப்பதில்லை; இத்தனை நாள் மறைத்ததைப் பற்றியே இருக்கிறது. ஆவணங்களை அழித்துவிடாதீர்கள். அவை உங்களுடையவை மட்டும் இல்லை.

பிற நாடுகளில் எப்படி?

ஒவ்வொரு நாடும் கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1975 சட்டத்துக்குப் பிறகு 18 வயதான தத்துப் பிள்ளை தன் அசல் பிறப்புச் சான்றிதழைப் பெறலாம். ஸ்காட்லாந்து 1930-லேயே 17 வயதில் அதை அனுமதித்தது. நியூசிலாந்து 1985-இல், நியூயார்க் மாநிலம் 2020 ஜனவரியில், அயர்லாந்து 2022 சட்டத்தின் மூலம் திறந்தன. பிரான்சிலோ தாய் தன் பெயரே பதிவாகாமல் பிரசவிக்கலாம். அந்த ஏற்பாட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003-இல் ஏற்றுக்கொண்டது. இந்திய விதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: தாயிடம் கேள், மறுத்தால் பெயரை விட்டுவிட்டுச் சூழ்நிலையைச் சொல்.

விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள். அடுத்து?

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின்படி மறுக்கிறார்கள், பெற்றவரைத் தொடர்புகொள்ள முயன்றார்களா, ஒப்படைப்பின் காரணத்தைத் தெரிவிக்காததற்கு என்ன விளக்கம் என்ற மூன்றையும் அந்தக் கடிதத்தில் கேளுங்கள். நிறுவனம் அசையாவிட்டால் மாவட்ட அலகு, பிறகு மாநில முகமை, பிறகு காரா. ஒவ்வொரு கடிதத்திலும் முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நகலை இணையுங்கள். அங்கும் நடக்காவிட்டால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லாத பெண்களும், பட்டியலினத்தவரும், வருமான வரம்புக்குள் வருபவர்களும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். மனுவில் உங்கள் பெயரும் பெற்றவர் பெயரும் வெளியே தெரியாதபடி முதலெழுத்துகளால் குறிக்க அனுமதி கோரும்படி வக்கீலிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.